மூன்றாவது கையெழுத்து

விசாரணை அறையில் அன்று ஐந்து பேர் இருந்தார்கள். நீள மேசையின் இடது ஓரத்தில் காற்றுத்துறைப் பொறியாளர் அருளப்பன், நடுவில் குழுத் தலைவர் சட்டநாதன், வலது ஓரத்தில் மனநல மருத்துவர் தில்லைநாயகி. எதிரே, தரையோடு பொருத்திய இரும்பு நாற்காலியில் வாயில் காவலர் தனுஷ்கோடி. கதவை ஒட்டிய பெஞ்சில் அவர் மனைவி சேர்மக்கனி, மடியில் ஒரு துணிப்பையுடன். மேசையில் உட்காரும் வரிசை மாறக்கூடாது. கோப்பு அந்த வரிசையில்தான் நகரும், கையெழுத்தும் அந்த வரிசையில்தான் விழும்.

தனுஷ்கோடி இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் பேசப்போவது முழுவதும் தட்டச்சாகி மூவர் முன்னாலும் தயாராக இருந்தது.

செவ்வாய்க் கிரகத்தின் ஆறாம் குடியிருப்பில் இது வழக்கம்தான். பெயர் சூட்டும் நாளன்றே குழந்தையின் பின்கழுத்தில், அரிசி மணி அளவில், மனவரைவியைப் பதித்துவிடுவார்கள். ஒரு முடிவு மனிதனுக்குத் தெரியவருவதற்குச் சற்று முன்னாலேயே அவன் மூளையில் உருவாகிவிடுகிறது. அந்த இடைவெளியைப் பிடிப்பதுதான் மனவரைவியின் வேலை. ஆண்டுக்கணக்கில் பிடித்துவைத்த முடிவுகளைக் கோத்து, மறுநாள் அவன் என்ன செய்வான், என்ன சொல்வான் என்பதை வரைந்து தந்துவிடும். கடைக்காரர் அதைப் பார்த்து முதல் நாளே பொட்டலம் கட்டி வைப்பார். பெண் பார்க்க வருகிறவர்கள் பதிலைத் தெரிந்துகொண்ட பிறகே பஜ்ஜி தின்ன வருவார்கள். விசாரணையில் ஒருவரைப் பேச விடுவதுகூட, தாளில் இருப்பதிலிருந்து எங்கேயாவது விலகுகிறாரா என்று விரல் வைத்து ஒப்பிடுவதற்காகத்தான்.

குடியிருப்பில் மனவரைவி இல்லாத கழுத்துகள் மூன்றே. மூன்றும் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தன. தீர்ப்புச் சொல்கிறவர்கள் சொந்த மனத்தால் சொல்ல வேண்டும் என்று குடியிருப்பை நிறுவியவர்கள் சாசனம் எழுதி வைத்திருந்தார்கள்.

வழக்கு சிறியது. எதிர்பாராமல் வந்த ஒரு மணல் புயலில், வெளிவாயிலைத் திறக்கக்கூடாது என்ற உத்தரவை மீறி தனுஷ்கோடி அதைத் திறந்தார். வெளியே சிக்கியிருந்த குழாய்த் தொழிலாளி ஒருவன் உள்ளே வந்து பிழைத்தான். வாயிலை ஒட்டிய தெருவில் காற்று இறங்கி, எல்லோரும் கொஞ்ச நேரம் மூச்சிரைத்தார்கள். யாரும் சாகவில்லை. திடீர்ப் புயல்களை மனவரைவியால் முன்கூட்டி வரைய முடியாது. நடந்த பிறகு காரணம் சொல்லும்.

சட்டத்தில் வழி இரண்டுதான். தனுஷ்கோடி தன் விருப்பத்தால் திறந்தார் என்றால் அது குற்றம், பனிச் சுரங்கத்தில் ஆறு மாதம். விருப்பம் இல்லாமல் ஏதோ ஒன்று அவரைத் திறக்க வைத்தது என்றால் குற்றமே இல்லை, வெறும் பழுது. பழுதுக்கு மறுபதிவு: அந்த ஏதோ ஒன்றை மூளையிலிருந்து எடுத்துவிடுவார்கள். மறுபதிவுக்கு மூவரும் சம்மதிக்க வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஆள் சுரங்கத்துக்குத்தான் போவார், போன ஆளாகவே திரும்பியும் வருவார்.

"சொல்லுங்க" என்றார் சட்டநாதன்.

"கதவைத் திறந்தது நான்தான்யா. யாரும் சொல்லித் திறக்கல. உத்தரவு தெரியும், தெருவுல காத்து இறங்கும்னும் தெரியும். தெரிஞ்சுதான் திறந்தேன். என்னைச் சுரங்கத்துக்கு அனுப்பிருங்க."

மூன்று விரல்களும் தாளில் ஒன்றாக நகர்ந்தன. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது.

"உங்க தம்பி சுடலை இதே மாதிரி ஒரு புயல்ல, இதே வாசலுக்கு வெளிய நின்னு செத்துப்போனாரு. அந்த ஞாபகம்தான் கதவைத் திறந்திருக்கு. நீங்க முடிவு பண்றதுக்கு முன்னாலேயே உங்க கை நெம்புகோலுக்குப் போயாச்சு. உங்க மேல தப்பே இல்லங்கறோம். அதுக்குப் போய் ஏன்யா சண்டைக்கு வர்றீங்க?" என்றார் சட்டநாதன்.

"தம்பி நினைப்பு வந்துச்சு, இல்லைங்கல. அந்த நினைப்பு தினமும்தான் வருது. தினமுமா திறந்தேன்?"

இதுவும் தாளில் இருந்தது. இருந்ததாலேயே யாரும் அதைப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அருளப்பன் நாற்காலியில் சாய்ந்தார். "ஆறு மாசம் ஐஸ் உடைக்கணும்யா. விரல் பத்தும் விறைச்சுப் போயிரும். வார்டுல ஒரு மத்தியானம் படுத்து எந்திரிச்சா வேலை முடிஞ்சுது. அதுவும் ஓசியில."

"எந்திரிக்கிறது யாரு சார்?"

அந்த இடத்தில் தாளில், ‘இங்கே அழுவார்’ என்று இருந்தது. தனுஷ்கோடி அழவில்லை. அருளப்பனைப் பார்த்துச் சிரித்தார்.

தில்லைநாயகியின் விரல் நின்றுவிட்டது. தனுஷ்கோடி அதைக் கவனித்தார். "அம்மா, உங்க கழுத்துல அது இல்ல. நீங்க நினைச்சா முடியும்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு வெளியிலிருந்து ஆட்கள் வந்து தனுஷ்கோடியைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள்.

"சார், ஒரு விலகல் இருக்கு. அழ வேண்டிய இடத்துல சிரிச்சாரு" என்றார் தில்லைநாயகி.

"அழுகையும் சிரிப்பும் ஒரே நரம்புன்னு போன கூட்டத்துல நீங்கதானே சொன்னீங்க டாக்டர்?"

"பக்கத்துப் பக்கத்து நரம்புன்னு சொன்னேன்."

"அப்ப பிழை வரம்புக்குள்ளதான் வரும்" என்று சொல்லி, சட்டநாதன் கோப்பை இடது பக்கம் தள்ளினார்.

மறுபதிவு வார்டுக்குப் போகும் கடிதம் பூமியிலிருந்து அச்சடித்துக் கட்டுக்கட்டாக வந்தது. ஆளின் பெயரை எழுதினால் போதும். அருளப்பன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனித மூளையைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, தப்பாக இருந்தால் கடைசியில் டாக்டர் நிறுத்திவிடுவார் என்பது அவர் கணக்கு. சட்டநாதன், பொறியாளரே போட்ட பிறகு தலைவர் போடாமல் இருந்தால் மேலிடத்தில் கேட்பார்களே என்று போட்டார். கோப்பு தில்லைநாயகியிடம் வந்தது.

அவர் தெருவில் மறுபதிவு ஆன ஓர் ஆசிரியர் இருந்தார். முன்பு நீலச் சட்டையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. இப்போது மனைவி எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று போட்டுக்கொள்வார். சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கிறது. யாராவது திட்டினாலும் சரிங்க. அந்த மனைவி இப்போதெல்லாம் வீட்டுக்கு வெளியே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள்.

"இன்னொரு நாள் வச்சுக்கலாமா சார்?"

"தாராளமா. உங்க இஷ்டம்தானே" என்றார் சட்டநாதன், கோபமே இல்லாமல். "போடாட்டியும் பரவால்ல. டாக்டர் நீங்கலாக மற்ற இருவரும் சம்மதித்தார்கள்னு அறிக்கைல ஒரு வரி எழுதிடறேன்."

அந்த ஒரு வரியைத் தில்லைநாயகி மனத்துக்குள் எழுதிப் பார்த்தார். அதில் தன் பெயர் மட்டும் தனியாக நின்றது. அந்த வரி பூமிக்குப் போகும். அங்கே யாரோ அதை இரண்டு தடவை படிப்பார்கள்.

கடிதத்தின் அடியில், ‘இம்முடிவை எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் எடுத்தோம்’ என்று அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கையெழுத்துகள். முன்னால் இரண்டு பேர் போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே அவர் மூன்றாவதைப் போட்டார்.

சட்டநாதன் உறையைத் தேட மேசை இழுப்பறையைத் திறந்தார். அதற்குள் சேர்மக்கனி பெஞ்சிலிருந்து எழுந்து மேசையருகே வந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, இந்தப் பையை யார்ட்ட கொடுக்கணும்?"

"என்ன பை?"

"அவுகளுக்கு மாத்துத்துணி. மறுபதிவு வார்டுலேர்ந்து காலையிலேயே ஆளனுப்பி, ரெண்டு சட்டை, ஒரு போர்வை கொண்டாரச் சொல்லிட்டாவ. ஏழாம் கட்டிலாம்."

"கூட்டம் இப்பத்தானேம்மா முடிஞ்சுது?"

"நானும் அதான் கேட்டேன். எப்பவும் மூணு பேரும் போட்டுருவாவ, நீ கொண்டாந்துருன்னாவ." சேர்மக்கனி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அவுகளுக்குத் தம்பி பேரு மறந்துபோனா, எம் மவனை எப்படிக் கூப்பிடுவாக? அவனுக்கும் அந்தப் பேருதானே வச்சிருக்கோம்? கொஞ்சம் சொல்லிப் பாருங்கம்மா."

தில்லைநாயகியின் கை தன்னையறியாமல் பின்கழுத்துக்குப் போயிற்று. தடவிப் பார்த்தார். தோல் வழுவழுப்பாக இருந்தது, அங்கே எதுவும் இல்லை.

மேசைக்கு நடுவில் சட்டநாதன் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்திருந்தார். பசைத் தூரிகை அவர் கையில் நின்றது. "ஒட்டிடலாமா டாக்டர்?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார், பதிலுக்காகக் காத்தும் இருந்தார்.

சேர்மக்கனி தில்லைநாயகியின் முகத்தைப் பார்த்தாள். அருளப்பனும் பார்த்தார். டாக்டர் நிறுத்திவிடுவார் என்ற நினைப்பு அவருக்கு இன்னும் போகவில்லை.

"என் கையில என்னம்மா இருக்கு" என்றார் தில்லைநாயகி, சேர்மக்கனியிடம். பிறகு சட்டநாதன் பக்கம் திரும்பாமலே, "நீங்க வழக்கப்படி செய்ங்க சார்" என்றார்.

சட்டநாதன் உறையின் மடிப்பில் பசை தடவினார். கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினார். குடியிருப்பின் முத்திரையைக் குத்தி, சுவரில் இருந்த அஞ்சல் குழாயின் வாயில் வைத்தார். குழாய் ஒரு மூச்சு இழுத்தது. உறை போய்விட்டது.