பெயர் சொல்லக் கூடாத இடம்

ஹுவாலியன் மலைப்பாதையில் ஆம்புலன்ஸை நிறுத்தியபோது பிற்பகல்தான். ஆனாலும் மூடுபனியில், நொறுங்கிக் கிடந்த கார் கண்ணுக்குத் தெரியவில்லை. பெட்ரோல் நாற்றத்தை வைத்துத்தான் போனோம்.

விபத்து நடந்த இடத்தில் எங்கள் ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. ஆவி அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும் என்பார்கள். என்னோடு ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் குவோதுங் எனக்கு ‘அண்ணே’. நான் அவருக்கு ‘ஏய்’. என் உயிரையே அவரை நம்பிக் கொடுப்பேன், அப்படி இருந்தோம்.

காரோட்டி வந்தவருக்குக் கவட்டியில், தொடை இடுக்கில் வெட்டு. ரத்தம் பீய்ச்சியடித்தது. தொடை என்றால் பட்டை கட்டி இறுக்கிவிடலாம். இங்கே பட்டை நிற்காது. காயத்துக்குள் துணியைத் திணித்து, உடம்பின் எடை முழுவதையும் கையில் போட்டு அமுக்கினேன். நின்றுவிட்டதா என்று ஒருமுறை எடுத்துப் பார்த்தாலும் ஆள் காலி.

“என் பொண்டாட்டி... கீழ விழுந்துட்டா,” என்று முனகினார்.

குவோதுங் சாலையோரத் தடுப்பைத் தாண்டிப் பனிக்குள் மறைந்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

“முடிஞ்சுபோச்சு.”

“கழுத்துல நாடி பாத்தீங்களாண்ணே?”

“பாக்காமலா வருவேன்? இவனையாவது காப்பாத்து.”

நம்பினேன். அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அப்போது பள்ளத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“பெய்ஜுன்...”

என் பெயர்.

“பெய்ஜுன், சீக்கிரம் வாம்மா. கை வலிக்குது.”

காயத்திலிருந்து கையை எடுக்க முடியாது. குவோதுங்கைப் பார்த்தேன். அவர் பூட்ஸில் பொட்டுச் சேறு இல்லை.

“அடப்பாவி! நீங்க இறங்கவே இல்லையா?”

“சரிவு வழுக்குது. எனக்கும் புள்ளைங்க இருக்கு.”

“என் பேரு அவளுக்கு எப்படித் தெரியும்?”

தலையைக் குனிந்துகொண்டார். “கத்திக்கிட்டே இருந்தா. பெய்ஜுன் வருவா, அதுவரைக்கும் காயத்தை அமுக்கிப் பிடிச்சுக்கோன்னு சொன்னேன்.”

பாவி மனுஷன்! சாகக் கிடந்தவளுக்குத் தன் பெயரைக் கொடுக்கப் பயந்து, என் பெயரைக் கொடுத்திருக்கிறான்.

அடுத்த வண்டி வந்ததும் அவர்கள் கைக்குக் காயத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து இறங்கினேன். ஈர மண் நாற்றம். அதோடு ரத்த நாற்றம்.

பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சொன்னபடியே இரண்டு கையாலும் தொடையை அமுக்கிப் பிடித்திருந்தாள். பட்டை கட்டியிருந்தால் பிழைத்திருப்பாள். கழுத்தில் விரல் வைத்தேன். நாடி இல்லை. மூச்சும் இல்லை.

“பெய்ஜுன்.”

அவள் உதடு அசையவில்லை. குரல் என் பிடரிக்குப் பின்னால் கேட்டது; பிடரி சில்லிட்டது.

“நீதானே வரேன்னு சொன்ன?”

திரும்பவில்லை. பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. அவள் காதருகே குனிந்தேன்.

“நான் சொல்லலை அக்கா. சொன்னவன் மேல நிக்கிறான். அவன் பேரு குவோதுங்.”

பிடரியில் இருந்த குளிர்ச்சி விலகியது.

மேலே, பனிக்குள்ளிருந்து குவோதுங்கின் குரல் கேட்டது.

“இதோ இங்கதான் இருக்கேன். யாரு கூப்பிட்டது?”