குறைந்துகொண்டே வந்த விரிசல்

ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். நேற்று ஐம்பத்தெட்டரை. விரிசலின் இரு பக்கமும் அடித்திருந்த பித்தளை ஆணிகளுக்கு நடுவே பரஸ்தூ மூன்றாம் முறையாக அளந்து பார்த்தாள். அதே எண்தான். ஆயிரத்தெழுநூறு வருஷத்து அரண்மனைச் சுவரில் விரிசல் பெரிதாகும். அதைத் தடுக்கத்தான் அவளுக்குச் சம்பளம். சுருங்குகிற விரிசலை என்ன செய்வதென்று எந்தப் படிப்பிலும் சொல்லித் தரவில்லை.

தெஹ்ரானுக்குப் பத்து நாளில் எட்டுக் கடிதம் போட்டாயிற்று. இன்று ஒருவழியாக மேலதிகாரி போனில் வந்தார்.

“ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்கம்மா. அளவுகோல மாத்திப் பாருங்க.”

“மூணு மாத்திட்டேன் சார்.”

“அப்ப ஆணி ஆடுது. மழைக்குள்ள அடைக்கலன்னா குவிமாடமே கீழ வந்துரும். இன்னிக்கே மேஸ்திரிய உள்ள அனுப்புங்க.”

அவளுக்கு வெறுத்துப்போயிற்று. எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

நொஸ்ரத் மேஸ்திரி ஒல்லி. இந்தச் சுவர்களைப் பூசியே நரைத்தவர். இடுப்பில் கயிறு கட்டி, சுண்ணாம்பு வாளியோடு பக்கவாட்டில் நுழைந்தார்.

“வித்தியாசமா ஏதாவது தெரிஞ்சா உடனே திரும்பிடுங்க மேஸ்திரி.”

“எங்க மாமியார் வீட்டு வாசலுக்கு இது எவ்வளவோ தேவலை, இன்ஜினியரம்மா.”

கயிற்றின் மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அவள் நின்றாள். குவிமாடத்து ஓட்டை வழியே மத்தியான வெயில் இறங்க, புறாக்கள் முனகிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து பூச்சுக்கரண்டி உரசும் சத்தமும், ஈரச் சுண்ணாம்பின் நெடியும், அதற்கடியில் ரொம்ப நாள் மூடிக் கிடந்த படுக்கையறையின் வாடையும் வந்துகொண்டிருந்தன. கயிறு அவள் உள்ளங்கையில் சாண் சாணாக நழுவியது.

சுவரின் கனம் நாலு மீட்டர். கயிறு ஒன்பது மீட்டர் போயிருந்தது.

“மேஸ்திரி, எங்க இருக்கீங்க?”

“உள்ளதான்.”

“போதும். வெளிய வாங்க.”

கரண்டிச் சத்தம் நின்றது. புறாக்களின் முனகலும் நின்றது. அளவுகோலை எடுத்தாள். நாற்பது. மறுபடி வைத்தாள். இருபத்திரண்டு. ஒரு துளி தூசி உதிரவில்லை. ஒரு கல் முனகவில்லை. இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தாள். வரவில்லை. எட்டுக் கடிதம் எழுதினேனே, பாவிகளா. எழுதினேனே. தெரிந்தும் அனுப்பினேனே.

ஆணிகள் ஒன்றையொன்று தொட்டன.

விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. நேற்றுக் கட்டி முடித்த சுவர் மாதிரி இருந்தது. கல்லுக்குள்ளிருந்து கயிறு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அது அறுபடவில்லை. நசுங்கவில்லை. மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்று பேசுவது போல மேஸ்திரியின் குரல் கேட்டது.

“வாங்க இன்ஜினியரம்மா. இங்க எடம் நெறைய இருக்கு.”

மணிக்கட்டுச் சுற்றை அவிழ்க்கப் பார்த்தாள். அதற்குள் விரல்கள் கல்லில் இடித்தன. கல் வெதுவெதுப்பாக இருந்தது.

கை முழங்கை வரை உள்ளே போய்விட்டது. வலிக்கவே இல்லை. உள்ளே யாரோ அவள் விரல்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார்கள்.