இரண்டு தகடுகளுக்கு நடுவே

அவளுடைய இரண்டு கைகளும் சோப்பு நுரைக்குள் இருந்தபோதுதான் பெட்டி முதல் தடவை தானாகப் பேசியது. ஒரே ஒரு ‘டொக்’.

குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் அந்தப் பழைய பிஸ்கட் டப்பா, மூடி திறந்தபடி, வயிற்றிலிருந்து வண்ண வண்ண ஒயர்கள் பிதுங்க உட்கார்ந்திருந்தது. மேசையின் இந்த ஓரத்தில் ஒரு பித்தளைத் தகடு, அந்த ஓரத்தில் இன்னொன்று. நடுவில் இரண்டு முழத்துக்கு வெறும் பலகை. இரண்டு தகடுகளையும் ஒரே நேரத்தில் தொட்டால்தான் அது சத்தம் போடும். தொட யாருமில்லை.

‘டொக்.’

பத்து வரை எண்ணியிருப்பாள். மறுபடியும் ‘டொக்’.

காதுக்கருவி விற்கும் கடையில் அவள் பழுது பார்ப்பவள். பகல் முழுக்க பூதக்கண்ணாடிக்குக் கீழே கடலைப்பருப்பு அளவு கருவிகளைப் பிரித்துப் போட்டுச் சேர்ப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதற்கு நேர்மாறான வேலை. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டே பதில் தெரிந்த மலிவான ஐசி சில்லு ஒன்றை எடுத்து, அதன் பதிலை அதனிடமே கேள்வியாகத் திருப்பிவிடுவாள். ‘ஆம்’ என்றதும் அது ‘இல்லை’ என்று மாறும், ‘இல்லை’ என்றதும் ‘ஆம்’. ஓயாத அந்தத் தடுமாற்றத்தை ஸ்பீக்கரில் கொடுத்தால் சத்தம். வேகமாகத் தடுமாறினால் கீச்சுக்குரல், மெதுவாகத் தடுமாறினால் உறுமல், இன்னும் மெதுவாகப் போனால் வெறும் ‘டொக், டொக்’. இந்தப் பெட்டியில் அப்படி ஐந்து சத்தங்கள் கட்டியிருந்தாள். நான்கிற்குத் திருகுகள். ஐந்தாவதற்குத் திருகுக்குப் பதிலாக இந்த இரண்டு தகடுகள். ஆளுடைய உடம்புதான் திருகு. காய்ந்த கை என்றால் உறுமும், வியர்த்த கை என்றால் வீறிடும்.

“பகலெல்லாம் கேக்காத காதைக் கேக்க வைக்கிற, சாயங்காலமானா கேக்கிற காதையும் செவிடாக்குற. உன் முதலாளி உனக்குக் கமிஷன் தரணும்க்கா,” என்பாள் தங்கை.

தங்கை நான்கு மாதங்களுக்கு முன் ஒரே ஒரு பையோடு, உதடு வீங்கி, இந்த வாசலில் வந்து நின்றவள். கணவனைப் பற்றி அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. முதல் மூன்றரை மாதங்கள் தாழ்ப்பாளை ஏழு தடவை, எட்டுத் தடவை இழுத்துப் பார்த்துவிட்டு விளக்கை எரியவிட்டே படுத்தாள். இப்போது இரண்டு வாரமாகத்தான் விளக்கை அணைக்கிறாள். தையல் கடைக்கு வேலைக்குப் போகிறாள். கிண்டல் செய்கிறாள்.

அதனால் ‘டொக்’ பற்றி அவளிடம் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. சொல்ல என்ன இருக்கிறது? மழைக்காலம். பலகை ஈரத்தை இழுத்திருக்கும். தகடுகளைத் துடைத்தாள், பலகையைத் துடைத்தாள், பேட்டரியைக் கழற்றி வைத்தாள்.

மறுநாள் தகடுகளைத் தனித்தனியாகக் கண்ணாடிக் குவளைகள் மேல் வைத்துவிட்டுப் பேட்டரியை மாட்டினாள். கண்ணாடி ஈரத்தை இழுக்காது. உட்கார்ந்து காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ வாகனத்தைத் துடைக்கும் சத்தம், மேல் வீட்டில் நாற்காலி நகரும் சத்தம், தன் மூக்கிலிருந்து தன் மூச்சு போய் வரும் சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில், கிணற்றின் அடியிலிருந்து யாரோ கல்லால் தட்டுவதைப்போல அது ஆரம்பித்தது. ‘டொக்.’ ‘டொக்.’ ‘டொக்.’

நேற்று பத்து எண்ண வேண்டியிருந்தது. இன்று மூன்று.

புதன்கிழமை தகடுகளைப் பெட்டியிலிருந்து அறுத்தே எடுத்தாள். ஒயர் இல்லை, ஐசி இல்லை, பேட்டரி இல்லை. படுக்கையறைக் கட்டிலில் இரண்டு பித்தளைத் துண்டுகள், அவ்வளவுதான். மின்தடை அளக்கும் மீட்டரின் முனைகளை அவற்றில் வைத்தாள். நடுவில் காற்று மட்டும் இருந்தால் மீட்டரில் எண்ணே வரக் கூடாது.

வந்தது. நான்கு கோடி ஓம்.

முனைகளை எடுத்தாள். எண் போய்விட்டது. வைத்தாள். மூன்று கோடியே தொண்ணூறு லட்சம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி இலக்கம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. செத்த பொருளை அளந்தால் எண் அப்படி ஆடாது. கையை அளந்தால் ஆடும். இறுக்கிப் பிடிக்கும்போது குறையும், தளர்த்தும்போது ஏறும்.

தன் கைகளை அளந்து பார்த்தாள். ஆறு லட்சம். தங்கையின் கை எப்போதும் வியர்த்திருக்கும்; விளையாட்டாக ஒருநாள் அளந்தபோது ஒரு லட்சம் காட்டியது. நான்கு கோடி என்றால் எவ்வளவு காய்ந்த கை? எவ்வளவு காலமாக எதையும் தொடாத கை?

அந்த யோசனை வந்த உடனே எழுந்து விளக்கைப் போட்டாள். மணி ஆறுகூட ஆகவில்லை.

வியாழக்கிழமை தொண்ணூறு லட்சம். வெள்ளிக்கிழமை இருபது லட்சம்.

வெள்ளியன்று வாடையும் இருந்தது. அறைக்குள் நுழைந்ததுமே மூக்கில் பட்டது; நாள் முழுக்க ரப்பர் உறைக்குள் கிடந்த கையை வெளியே எடுத்ததும் வருமே, புளித்த, வெதுவெதுப்பான ஒரு வாடை, அது. கட்டில்மேல் தகடுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. இரண்டின் மேலும் ஆவி படர்ந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டால் படர்வதுபோல. அவள் குனியக் குனிய அது ஓரத்திலிருந்து சுருங்கி, நான்கு நீளப் பட்டைகளாகி, ஒன்றுமில்லாமல் போனது. இரண்டு தகடுகளும் மூன்றடி தள்ளி இருந்தன. கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து யாராவது இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தால்—

அதற்குமேல் நினைக்கவில்லை. தகடுகளைத் துணியில் சுற்றி, டப்பாவுக்குள் போட்டு, டப்பாவைப் பரணில் போர்வைகளுக்குப் பின்னால் தள்ளினாள்.

“என்னக்கா, அடுத்த சனிக்கிழமை உன் கச்சேரி, பெட்டியக் காணோம்?” என்றாள் தங்கை, சாப்பிடும்போது.

கச்சேரி என்று அவள்தான் சொல்வாள். இதேபோல் டப்பாக்களில் சத்தம் கட்டும் பதினைந்து பேர் ஒரு சின்ன அரங்கை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இவளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து எந்த மேடையிலும் ஏறாதவள் இவள்.

“போகலடி. பயமா இருக்கு.”

“மேடைன்னா யாருக்குத்தான் பயமில்ல?”

மேடை என்றே தங்கை எடுத்துக்கொண்டாள். இவளும் திருத்தவில்லை.

சனிக்கிழமை வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிறு மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டப்பா மேசைமேல் இருந்தது. பேட்டரி மாட்டியிருந்தது. இரண்டு தகடுகளும் புது ஒயரோடு, கோணல்மாணலாக, திரும்ப இணைக்கப்பட்டிருந்தன. தங்கையின் விரல் நுனியில் ஒரு கொப்புளம்.

“நானே ஈயம் வச்சுப் பத்த வச்சேன்! நீ வைக்கிறதைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். நீளமான ஒயரா போட்டிருக்கேன், ஆளுக்கொண்ணு பிடிச்சுக்கலாம். பத்தே நிமிஷம்க்கா. நீ போய்த்தான் ஆகணும் அந்தக் கச்சேரிக்கு.”

வீங்கிய உதட்டோடு வந்த முகம் அது. நான்கு மாதத்தில் முதல் முறையாக முழுசாக மலர்ந்திருந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் இன்று ராத்திரி விளக்கு எரியும். நாளைக்கும் எரியும்.

ஸ்பீக்கர் அமைதியாகத்தான் இருந்தது.

“பத்து நிமிஷம்தான்,” என்றாள்.

தங்கை சோபாவில் உட்கார்ந்து இடது கையில் ஒரு தகட்டைப் பிடித்துக்கொண்டாள். இவள் இன்னொன்றை வலது கையில் பிடித்தபடி எதிரே நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் தொட்டால் சுற்று முழுமையாகும், பெட்டி பாடும். தங்கை கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை நீட்டினாள். “தொடு. சத்தத்தை வச்சே எந்த விரல்னு சொல்றேன்.”

சுண்டுவிரலால் தொட்டாள். பெட்டி கீச்சென்றது.

“சுண்டுவிரல்!”

விரலை எடுத்தாள். நின்றது. உள்ளங்கையால் தொட்டாள். குரல் எகிறியது. தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். எடுத்தாள். நின்றது. வெளியே மழை வலுத்து, அறையின் மூலைகள் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தன. தங்கையின் சிரிப்பைக் கேட்கக் கேட்க இவளுடைய தோள்கள் தளர்ந்தன, தானும் சிரித்தாள், இந்த வாரம் முழுக்கத் தன் மூளைதான் தனக்கு விளையாட்டுக் காட்டியது என்றுகூட நினைத்தாள். மறுபடியும் தொட்டாள். எடுத்தாள்.

நிற்கவில்லை.

குரல் கொஞ்சம் இறங்கியது. அங்கேயே நின்றது. சீராக.

அவள் ஓரடி பின்னால் போனாள். இன்னோரடி. இடுப்பு மேசையில் இடித்தது. அவளுக்கும் தங்கைக்கும் நடுவில் ஆறடி. வெறும் தரை. ஜன்னல் வெளிச்சம் படுத்திருந்த தரை.

குரல் நிற்கவில்லை.

“ஏன்க்கா,” என்றாள் தங்கை, கண்ணை மூடியபடியே, “உன் கை என்ன இவ்ளோ ஈரமா இருக்கு?”



தங்கையின் நீட்டிய கையைப் பார்த்தாள். புறங்கையில், விரல் கணுக்களுக்குக் கீழே, சதை அமுங்கியிருந்தது. நான்கு பள்ளங்கள். வெளுத்து. பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒன்று.

“கையை... இழுத்துக்க,” என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னாள். “கையை விடுடி.”

“நான் எங்க பிடிச்சிருக்கேன்? நீதானே பிடிச்சிருக்க.”

“கண்ணைத் திறக்காத.”

“ஏன்? என்ன விரல்னு சொல்லவா?” தங்கை சிரித்தாள். “இது மோதிர விரல். இது... இரு, எத்தனை விரல் வைக்கிற?”

குரல் ஏறியது. இறுக்கிப் பிடித்தால் ஏறும்.

தகட்டை விட்டுவிடு. விட்டால் சுற்று அறுந்துவிடும். வலது கையை விரித்தாள். தகடு தரையில் விழுந்து சறுக்கி, மேசைக்கால் அருகே படுத்தது.

பெட்டி அடங்கியது.

மழை மட்டும்.

பள்ளங்கள் போகவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் சத்தம் கேட்டதென்றால் சுற்று முழுமையாக இருந்திருக்கிறது. தங்கையிடம் ஒரு தகடு. தன்னிடம் ஒரு தகடு. நடுவில் இருப்பது தங்கையை மட்டும் பிடித்திருந்தால் போதாது.

இடது கையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது அது. சும்மா. வெதுவெதுப்பாக.

ஈரமாக.

விரல்களை மூடப் பார்த்தாள். மூடவில்லை. அவற்றுக்கு நடுவில் ஏற்கெனவே விரல்கள் இருந்தன.

“சரி, சரி, வரேன், இழுக்காத,” என்று சிரித்துக்கொண்டே, கண்களை இறுக்க மூடியபடி, தங்கை சோபாவிலிருந்து எழுந்தாள். அவள் கை முன்னால் நீண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ பிடித்து அழைத்துப் போகும் குழந்தையின் கையைப்போல. ஒரு அடி வைத்தாள். இன்னோரடி.

இவளுடைய இடது கையும் மெல்ல, மரியாதையாக, முன்னால் உயர்ந்தது.