தானாகச் சரியான ஓவன்

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அந்தப் பெண் கடைக்குள் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தோள்பையின் வாரை முறுக்குவதும் விடுவதுமாக நின்றாள்.

“என் ஓவன் சரியாயிடுச்சுக்கா,” என்றாள்.

ஓவன், கீசர், ஹீட்டர் என்று சூடாகிற எதையும் பழுது பார்க்கும் கடை அது. நடத்துகிறவர் ஐம்பது வயது மெக்கானிக் அம்மா. போன் எடுப்பது, சாமான் தேடிக் கொடுப்பது, கேட்காமலே யோசனை சொல்வது எல்லாம் அவருடைய நாத்தனார். இத்தனை வருடத்தில் கெட்டுப்போனதைச் சொல்லித்தான் ஆட்கள் வந்திருக்கிறார்கள். நாத்தனார் போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“சரியானதுக்கா வந்தீங்க?”

“அதான் பயமா இருக்கு.”

வீட்டிலேயே ரொட்டி சுட்டு மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறவள் அவள். ஒரு மாதமாக ஓவன் நாற்பது நிமிடம் ஓடியதும் தானாக அணைந்துவிடும். அரைமணி நேரம் ஆறினால் மறுபடி ஓடும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருவர் வந்து பார்த்து, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன திங்கட்கிழமைகூட நான்கு தடவை அணைந்தது. செவ்வாய் சாயந்திரத்திலிருந்து ஒரு தடவைகூட இல்லை.

“யாரைக் கேட்டாலும் தொடலைங்கிறாங்க. ஆனா ஓவன் பதிச்சிருக்கிற அலமாரியோட பக்கத்துக் கதவு தொட்டா சுடுது.”

மெக்கானிக் அம்மா கையிலிருந்த குறடை மேஜைமேல் வைத்தார். “காய்ச்சல் தானா விடும்மா. ஓவன் கோளாறு விடாது. இப்ப அது ஓடுதா?”

“ரெண்டாவது தட்டு உள்ள இருக்கு. வீட்டுக்காரர் பார்த்துக்கிறார்.”

“போன் போட்டு அணைக்கச் சொல்லுங்க.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மெக்கானிக் அம்மா அதற்குள் கருவிப்பெட்டியோடு தெருவில் நின்று ஆட்டோவைக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் ரொட்டிக்காரி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது நாத்தனார் எட்டி எட்டிப் பார்த்தாள், அவள் பார்த்தால் பச்சை விழுந்துவிடும் என்பதுபோல.

வீட்டு வாசலில் டிரைவர்கள் போடும் கறுப்பு ஷூ ஒரு ஜோடி கிடந்தது. அவசரத்தில் நாத்தனார் அதில் இடறினாள். ஷூ கவிழ்ந்து, தையல் இடுக்கிலிருந்து செந்நிறத் தூள் தரையில் உதிர்ந்தது. உள்ளே குழாய்ச் சத்தம். ரொட்டிக்காரியின் கணவர் பின்கட்டில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். போன் கூடத்தில் கிடந்தது. அதே கூடத்தில், ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் காதருகே வானொலி பாட, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொட்டிக்காரியின் மாமனார்.

சமையலறையில் பெயின்ட் கருகுகிற வாடை. மெக்கானிக் அம்மா சுவிட்சின்மேல் கையை வைத்தார். உடனே அணைக்கவில்லை. ஓவன் முகப்பில் இருந்த சின்னக் கடிகாரத்தையும், சுவர்க் கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்து, உள்ளங்கையில் பேனாவால் இரண்டு வரி எழுதினார்.

“முதல்ல அணைங்க அண்ணி,” என்றாள் நாத்தனார்.

அணைத்தார்.

“இத வெளிய இழுக்கணும். யாராவது கை குடுங்க.”

கணவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உள்ளங்கைகளில் புதிய சிராய்ப்புகள். இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், ஓவன் கதவைத் திறந்தார், ஓரத்து ரப்பரை இருபுறமும் விலக்கி இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினார். மூன்று பேருமாக ஓவனை அலமாரியிலிருந்து இழுத்துத் தரையில் வைத்தார்கள்.

அலமாரியின் பின்பலகை கை அகலத்துக்குப் பழுப்பாகத் தீய்ந்திருந்தது. ரொட்டிக்காரி அதைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

மெக்கானிக் அம்மா டார்ச் அடித்துக் காட்டினார். ஓவன் தலையில் இருக்கிற காற்றாடியில், தட்டுக்கு விரிக்கும் பட்டர் பேப்பர் ஒன்று சுருண்டு சிக்கியிருந்தது. “காத்தாடி சுத்தல. அதனால வெளிப்பக்கம் கொதிச்சுது. கொதிச்சதும் இந்தக் கட்-ஆஃப் கரண்ட வெட்டிச்சு. அது கெடவே இல்ல. தன் வேலையத்தான் பார்த்துது.” நாணயம் அளவுக்கு இருந்த அந்தப் பொருளின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பி இணைத்திருந்தது. அதன்மேல் ஒழுங்காக உறை மாட்டியிருந்தது. “இப்ப அதுக்கு வேலையே இல்லாம யாரோ பண்ணிட்டாங்க. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா பலகை பத்தியிருக்கும்.”

டார்ச்சை அணைத்துவிட்டு எல்லோரையும் பார்த்தார்.

“யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். திட்டுறதுக்கு இல்ல. வேற எந்த வயரத் தொட்டாங்கன்னு அவங்களாலதான் சொல்ல முடியும். தெரியாம நான் மூட மாட்டேன்.”

நாத்தனார் அண்ணியைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். “அந்தப் பழைய ரிப்பேர்காரன்தான்.”

“அவன் வந்து மூணு வாரம் ஆச்சு. திங்கட்கிழமைவரைக்கும் கட்-ஆஃப் வேலை செஞ்சிருக்கே.”

“அப்ப பெரியவர். முப்பது வருஷம் மில்லுல எலக்ட்ரீஷியனா இருந்தவராம், இப்பத்தான் கேட்டேன். அந்த முடிச்சப் பார்த்தீங்களா, எவ்வளவு சுத்தம்.”

“டீ டம்ளர ரெண்டு கையால பிடிச்சும் சிந்துறாரு. அந்தக் கை உறை மாட்டுமா?”

மெக்கானிக் அம்மா உள்ளே வந்து ரொட்டிக்காரியிடம் கேட்டார். “செவ்வாய்க்கிழமை காலைல பதினொண்ணே காலுக்கு வீட்டுல யாரு இருந்தது?”

“யாருமே இல்லக்கா. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு காட்ட வரச் சொல்லியிருந்தாங்க. ஒன்பதுக்குக் கிளம்பினோம், திரும்ப ரெண்டு மணி. இவர் வெளியூர் பஸ் ஓட்டுறார். ஏழுக்குப் போனா ராத்திரிதான். சனிக்கிழமை மட்டும் லீவு.”

“சாவி?”

“மூணு பேர்கிட்டயும் ஒண்ணொண்ணு.”

“யாருமில்லாத வீட்டுல எப்படி அண்ணி?” என்றாள் நாத்தனார். “அதென்ன பதினொண்ணே கால்?”

மெக்கானிக் அம்மா சமையலறை மேஜையருகே எல்லோரையும் கூப்பிட்டார். பெரியவரை மருமகள் கைப்பிடித்து அழைத்து வந்தாள்.

“இந்த மாதிரி ஓவனுக்கு மெயின் கரண்ட் போனா கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிடும். கரண்ட் வந்ததும் பூஜ்யத்துலேர்ந்து ஓட ஆரம்பிக்கும். நான் பார்த்தப்ப சுவர்ல பத்து மணி அஞ்சு. ஓவன்ல இருபத்துநாலு மணிக் கணக்குல இருபத்திரண்டு ஐம்பது. பின்னாடி எண்ணிட்டுப் போனா அது பூஜ்யத்துல கிளம்பினது பதினொண்ணே காலுக்கு. நாள் எதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. திங்கள் கெட்டிருந்தது, செவ்வாய் சாயந்திரம் நல்லா ஓடுது. அப்புறம் கரண்ட் போச்சா?”

“இல்லக்கா.”

“அப்ப செவ்வாய் பதினொண்ணே காலுக்கு ஒருத்தர் வேலைய முடிச்சு மெயின் சுவிட்சப் போட்டிருக்கார். வீட்டுச் சாவி இருக்கிறவர். பெரிய எலக்ட்ரீஷியன் பக்கத்துல நின்னு வளர்ந்த கை.” அவர் கணவர் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தே இருந்தது. “தம்பி, இத இழுக்கணும்னுதான் சொன்னேன். ஸ்க்ரூ ரப்பருக்கு அடியில இருக்குன்னு சொல்லல. உங்க ஷூவுல இருக்கிறது மரத்தூள். பஸ்ஸுல மரத்தூள் ஏது?”

கணவர் மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 

“கம்பி ஒண்ணுதான். வேற எதையும் தொடல,” என்றார். பிறகு மனைவியிடம், “அந்த ரூட்டையே எடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் ஆச்சு. மரக்கடையில லோடு ஏத்துறேன். செவ்வாய்க்கிழமை லோடு வரல, வீட்டுக்கு வந்துட்டேன். பாதி வெந்த ரொட்டிய நீ மூட்டை கட்டி மூலையில வச்சிருந்த. இது ஒண்ணையாவது சரி பண்ணலாம்னு தோணிச்சு. நான்தான்னு சொன்னா, பதினொரு மணிக்கு வீட்டுல என்ன வேலைன்னு கேப்பியே.”

பெரியவர் மகன் இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பினார். “அது காவல்காரன்டா. காவல்காரனக் கட்டிப்போட்டுட்டு எங்கள நிம்மதியாத் தூங்கச் சொன்னியா?”

“வெட்டிக்கிட்டே இருந்துச்சு, அதுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்ப்பா.”

ரொட்டிக்காரி துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். “வேலை போனது போகட்டும். நாலு நாளா இது முன்னாடியேதானே நிக்கிறேன்.” துணியைக் கீழே போட்டாள். “மாமாவுக்கு ஒரு கண்ணு தெரியாது. தீப்பிடிச்சிருந்தா யாரத் தூக்கிட்டு ஓடியிருப்பேன்?”

கணவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மெக்கானிக் அம்மா குனிந்து கம்பியை வெட்டினார், பேப்பரைக் காற்றாடியிலிருந்து இழுத்தார். புதுக் கட்-ஆஃப் மாட்டும்வரை ஓவனைத் தொடக்கூடாது என்றார். பலகைக்குப் பதில் தகரம் அடிக்கவேண்டும் என்றார். நாத்தனார் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அண்ணி அவள் முழங்கையைப் பிடித்துக் கூடத்துக்கு நகர்த்தினார்.

உள்ளேயிருந்து ரொட்டிக்காரியின் குரல் கேட்டது.

“தினம் சாப்பாடு கட்டிக் குடுத்தேனே. எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?”

“உக்காரல. லாரி மறைவுல, நின்னுக்கிட்டே.”

நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் ஓசை வந்தது.

“உக்காருங்க,” என்றாள் அவள்.