அவள் கேட்ட கண்

கண்ணைத் துடைத்த பஞ்சில் பீளை ஒட்டியிருந்தது. மெஷினுக்கு ஏது பீளை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மஞ்சளாக, நூல் நூலாக இழுத்தது.

இப்படியொரு கண்ணைக் கேட்டதே அவள்தான். திரையில் பறக்கும் ஈக்களை அடிக்கும் விளையாட்டில், அண்ணன் செய்த மெஷின் வரும்வரை அவளை யாரும் ஜெயித்ததில்லை. அது திரையைப் பார்ப்பதே இல்லை, ஈ இருக்கும் இடம் நேராக அதன் மண்டைக்குள் போய்விடுகிறது என்று தெரிந்ததும் அண்ணனின் ஆபீசே அதிரக் கத்தினாள்.

"இது விளையாட்டா, திருட்டா? என்னை மாதிரியே கண்ணால பாத்து, கையால அடிக்கச் சொல்லு. அப்புறம் ஜெயிக்கட்டும்!"

அண்ணன் பிடிவாதத்தில் அவளுக்குச் சளைத்தவனா என்ன? ரப்பர் இமை வைத்தான், இரண்டு ரப்பர் கைகள் வைத்தான், மனிதக் கண்போலவே காயவும் கலங்கவும் விழிக்குள் பசையை ஊறவிட்டான். மற்றதையெல்லாம் மெஷின் அவளைப் பார்த்தே கற்றுக்கொண்டது. ஆட்டத்துக்கு முன் அந்தக் கண்ணைச் சுத்தம் செய்வது அவள் தலையில் விழுந்தது. துடைத்தும் அழுக்கு போகாவிட்டால் இமையை விரித்து, விழியைத் திருகிக் கழற்றி, கிண்ணத்துத் தண்ணீரில் அலசவேண்டும்.

"அண்ணா, நாத்தம் குடலைப் புடுங்குது."

"பசை கெட்டிருக்கும்மா. இன்னிக்கு நீ ஜெயிச்சா பட்டம் மறுபடி உனக்கு. அப்புறம் இதைத் தூக்கிக் கடாசிடலாம்."

அவள் தலையை இரும்புச் சட்டத்தில் வைத்துப் பூட்டினான். அவள் தலையும் மெஷின் தலையும் அசையக் கூடாது என்பதும் அவள் கேட்ட விதிதான். ஆட்டம் முடிந்தால்தான் பூட்டு திறக்கும். பக்கத்து அறையில் புள்ளிகளைப் பார்க்க அண்ணன் போனான். சத்தம் புகாத கதவு மூடிக்கொண்டது.

திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில், புளித்த பால்போன்ற அந்த வாடை மூக்கைவிட்டு நகரவே இல்லை. பக்கத்தில் ஈர இமை ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் 'சப்' என்று ஒட்டிப் பிரியும் சத்தம் அவள் கழுத்தில் ஊர்வதுபோல் இருந்தது. ஆனாலும் முந்திக்கொண்டிருந்தாள். ஒரு ஈயையும் விடக் கூடாதென்று இமைக்காமல் விளையாடியதில் கண் எரிந்து நீர் கட்டியது.

மெஷின் அடிப்பதை நிறுத்தியது.

களைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். திரை ஒரு கணம் இருண்டபோது அதன் கண்ணாடியில் தெரிந்தது. அது திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது. அவள் கண்ணோரம் திரண்டிருந்த பீளையை.

ரப்பர் கை மேஜையைத் தடவியது. அதே பஞ்சு.

"அண்ணா!"

தலையை இழுத்தாள். பூட்டு அசையவில்லை. ரப்பர் கையைத் தள்ளினாள். அதுவும் அசையவில்லை.

ஈரப் பஞ்சு கண்ணில் பட்டது. வழவழவென்று. மூலையிலிருந்து வெளியே, அவள் துடைப்பதுபோலவே மெதுவாக. பிறகு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது.

'சப்.'

இரண்டு விரல்கள் அவள் இமையை விரித்துப் பிடித்தன. இன்னொரு கை, தண்ணீர்க் கிண்ணத்தை அருகில் இழுத்துக்கொண்டது.