சுகவீன விடுப்பு

கொட்டாஞ்சேனையில் நான் போய் இறங்கியபோது மத்தியான மழை. அப்பா சாகும்வரை போதகராக இருந்து வாழ்ந்த குருமனையை அன்றைக்கே காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அவரை அடக்கம் பண்ணி அன்று முப்பத்தோராம் நாள், பின்னேரம் நினைவு ஆராதனை. அதற்குள் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் கொடுத்துவிட வேண்டுமாம்.

சபைச் செயலாளர் சாந்தகுமார், ஆராதனையில் தான் வாசிக்கவிருந்த வாழ்க்கைக் குறிப்பை எனக்கு வாசித்துக் காட்டினார். பிறந்த ஊர், குருப்பட்டம், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை. நடுவில், "இரண்டாயிரத்தெட்டு, ஒன்பது: சுகவீன விடுப்பு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா அப்ப வன்னியில சனத்தோட பங்கருக்குள்ள கிடந்தவர். செல் விழ விழப் பிரேதம் தாட்டவர். பெட்டி இல்லை, கையாலதான் கடற்கரை மணலைத் தோண்டினவர். அது சுகவீனமோ?"

"கோவிக்காதைங்கோ, ரஜனி அக்கா. அரசாங்கத்துப் பெரிய ஆக்கள் வருவினம். இப்ப ஏன் வீண் பிரச்சினை?"

வெட்கங்கெட்ட மனிதர்.

அப்போதுதான் அப்பாவின் அறைக்குள் அந்தச் சத்தம் கேட்டது. சவப்பெட்டியின் மேல் பிடிமண் விழும் சத்தம்.

பொத்.

மறுபடியும், பொத்.

கதவைத் திறந்தோம். உப்புக்காற்றும் பிணவாடையும் முகத்தில் அடித்தன. அலுமாரிக்குள் அப்பாவின் வெள்ளை அங்கி சொட்டச் சொட்ட நனைந்து தொங்கியது. அதன் கை நுனியிலிருந்து கடல் மணல் கொட்டிக்கொண்டிருந்தது.

"இதைப் போட்டுத்தானே புதைச்சனாங்கள்?" சாந்தகுமார் குசுகுசுத்தார்.

"ஓம். பொத்தான் பூட்டிவிட்டது நான்."

அவர் கதவடிக்குப் பின்வாங்கினார். "உண்மையை வாசிக்கிறன், அக்கா. சத்தியமா."

பின்னேரம் கோயில் நிறைந்திருந்தது. சாந்தகுமார் மைக்கின் முன் நின்றார். முன்வரிசைப் பிரமுகர்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமிவிட்டு, "சுகவீன விடுப்பு" என்றே வாசித்தார், பாவி.

அடுத்த வரிக்கு வாயைத் திறந்தார்.

சொல் வரவில்லை.

மணல் வந்தது.

வாயிலிருந்து நெஞ்சில், நெஞ்சிலிருந்து தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒருவரும் அசையவில்லை. நான் எழுந்து போய் மைக்கைப் பிடுங்கி, வன்னியில் அப்பா செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் மணல் நின்றது.

சாந்தகுமார் உயிர் தப்பினார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. அவ்வளவு நடந்தும், இந்த மாதச் சபை மலரில் அப்பாவைப் பற்றி அச்சடித்திருப்பது என்ன தெரியுமா? அதே சுகவீன விடுப்பு. இவர்களுக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை.

அந்த அங்கியை நான் துவைத்து, வெள்ளவத்தையில் என் வீட்டுப் பல்கனியில் காயப்போட்டிருக்கிறேன். ஒரு கிழமையாக நல்ல வெயில்.

இன்னும் காயவில்லை. காலையில் கூட்டிய இடத்தில் மறுபடியும் மணல் கிடக்கிறது.