கறுப்பு முனையில் போட்ட வலை

புது வலையில் பொத்தல் அடைத்த தையல் எப்படி வரும்?

இங்கா கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள். பனித்துளையிலிருந்து இழுத்துப் போட்ட முதல் இரண்டு முழம் வலையைத் தலைவிளக்கின் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல். அதைச் சிவப்பு நூலால் யாரோ கண்ணி கண்ணியாக முடிந்து அடைத்திருந்தார்கள். அவளுக்கு இருந்த கோபத்தில் அது பயமாகத் தோன்றவில்லை, இன்னொரு குற்றமாகத்தான் தோன்றியது.

அன்று காலை மளிகைக்கடைக்குப் போன இடத்தில்தான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் தம்பி நிலாஸ் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். ஏரியின் இயற்கையும் பழங்குடிப் பண்பாடும் ஒரே பகலில், கறுப்பு முனையில் பனிக்கடியில் வலை இழுக்கலாம் வாருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. கறுப்பு முனையாம்! இவ்வளவு பெரிய இனாரி ஏரியில் அவனுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அப்பா பனி உடைந்து பனிவண்டியோடு உள்ளே போனது அங்கேதான். வண்டி கிடைத்தது. அப்பா கிடைக்கவில்லை. ஆளைத் திருப்பித் தராத தண்ணீரில் வலை போடக் கூடாதென்பது அவர்கள் வீட்டு வழக்கம். போட்டால் வலையில் என்ன வரும் என்று அம்மா சாகும்வரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

வந்து பார்த்தால் இன்னும் மோசம். பனியில் அறுத்த இரண்டு துளைகளுக்கு நடுவே, அடியில் வலை நீண்டு கிடந்தது. சுற்றுலா வரும் எட்டுப் பேர் சுற்றி நின்று படம் எடுக்க வேண்டுமென்று நிலாஸ் தன் பக்கத்துத் துளையைக் கதவு அகலத்துக்கு அறுத்து வைத்திருந்தான்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்காடா? அப்பா கிடக்கிற தண்ணியில வலைய விட்டிருக்கே!"

"அப்பா இன்னுமா அங்கயே உக்காந்திருக்கப் போறாரு? ரெண்டு மணிக்கு ஆளுங்க வர்றாங்கக்கா. அவங்க போனதும் எடுத்துடறேன், சத்தியமா."

"இப்பவே எடுக்கணும். நீ அந்தத் துளைக்குப் போய்க் கயிறை விட்டுக்கிட்டே இரு. இனி வாயைத் தொறந்தே, பிடிச்சு உள்ள தள்ளிடுவேன்."

"தள்ளேன். அப்பாவுக்குத் துணையாச்சு" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அவனுடைய எட்டு வயதிலிருந்து அவள் ஊட்டி வளர்த்த பிள்ளை. அவளுக்கு என்று இருப்பது அவன் ஒருவன்தான். அதனால்தான் அந்தச் சிரிப்பு அவளுக்கு அப்படி எரிந்தது.

பகல் பதினொன்றரை. டிசம்பரில் அந்த வடகோடியில் சூரியன் எட்டிப் பார்க்காது. தெற்கு வானம் மட்டும் சற்று நேரம் நீலமாக வெளுத்திருக்க, காற்று பொடிப்பனியை வாரிக்கொண்டு போய்விட்டதால் காலடியில் ஏரி கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்தது. எங்கோ தூரத்தில் பனி விரிசல் விடும் முனகல் கிளம்பி அவள் காலுக்கடியில் ஓடி மறுகரைக்குப் போயிற்று. ஈர வலையிலிருந்து மீன் வாடை வரவில்லை. தார் வாடை வந்தது. அப்பாவின் கோட்டில் எப்போதும் இருந்த வாடை.

"புது வலைன்னியே, அப்பாவோட பழைய வலையையாடா போட்டே?" என்று கத்தினாள்.

அறுபது அடிக்கு அப்பால் அவனுடைய தலைவிளக்கு நிமிர்ந்தது. "போன வாரம் கடையில வாங்கினதுக்கா! விலைச் சீட்டுகூட மிதவையில தொங்குதே, பாரு!"

பார்த்தாள். தொங்கியது.

அவள் மறுபடியும் முடிச்சைப் பார்த்தாள். அது வலமிருந்து இடமாகப் புரண்டிருந்தது. இடதுகைக்காரர் போடும் முடிச்சு. பனியில் பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்பு நூலில்தான் அடைப்பார் அப்பா. அவருக்கு இடது கை.

அதை ஒரு தரம் விரலால் தடவினாள். உடனே கோபம் முந்திக்கொண்டது. எல்லாம் இவனால். இந்தச் சனியன் பிடித்த வலையை மேலே கொண்டுவந்து எரித்துவிட வேண்டும். இழுத்தாள். இன்னொரு சிவப்பு அடைப்பு. இன்னும் ஒன்று. மீன் இல்லை. ஒரு மீன்கூட இல்லை. அடைப்புகள் நெருங்கிக்கொண்டே வந்தன.

அப்போது வலை அவள் கைக்குள் துடித்தது. இரண்டு தரம்.

கயிற்றை ஒரு தரம் வெட்டினால் இழு, இரண்டு தரம் வெட்டினால் நிறுத்து. அப்பா சொல்லிக் கொடுத்தது. எட்டுப் பேர் வரும்வரை வலை உள்ளேயே இருக்கட்டும் என்கிறானா?

"நிறுத்த மாட்டேன் போடா!" என்று குனிந்தபடியே கத்தினாள். காலை ஊன்றிக்கொண்டு, முழுப் பலத்தோடு இழுத்தாள்.

இரண்டு தரம்.

இழுத்தாள்.

இரண்டு தரம். இரண்டு தரம். இரண்டு தரம், வேகமாக.

"வாயைத் திறக்காதேன்னா கயிறால பேசறியா?"

இழுத்தாள். வெட்டு நின்றது. அப்பாடா, அடங்கினான். ஆனால் வலை கனத்தது. மீன் கனமில்லை.

நிமிர்ந்தாள்.

எதிர்த் துளைக்குப் பக்கத்தில் வெளிச்சம் இல்லை. அவன் பனிவண்டி மட்டும் நின்றது. அவனுடைய கையுறை ஒன்று பனிமேல் கிடந்தது. ஆள் இல்லை.

"நிலாஸ்?"

காற்று.

"நிலாஸ்! விளையாடாதேடா. என் ராசா, வந்துடுடா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வெளிச்சம் இருந்தது. தவறான இடத்தில் இருந்தது. இரண்டு துளைக்கும் நடுவே, பனிக்கு அடியில், மெல்ல ஆடி ஆடி அவளை நோக்கி வந்தது. அவள் இழுத்த இழுப்புக்குத்தான் வந்தது. விட்டால் ஆழத்துக்குப் போய்விடும். இழுத்தால்? கை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

துளைக்கு இரண்டடி முன்னால் அது நின்றது. அவள் பூட்ஸுக்கு நேர் கீழே.

தம்பியின் முகம். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. தலையிலிருந்து முழங்கால்வரை வலை, சிவப்புச் சிவப்பாக அடைத்து, அவன் மேலேயே பின்னிய வலை. உள்ளேயிருந்து அவன் விரல்கள் கண்ணியைப் பற்றின.

இங்காவின் கைக்கு அந்த வெட்டு வந்து சேர்ந்தது. இரண்டு தரம்.

அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணி மட்டும் இன்னும் திறந்திருந்தது. வெளிச்சத்துக்குள் சிவப்பு நூலோடு ஓர் இடது கை வந்து, அவசரமே இல்லாமல், அதையும் முடிந்தது.